மடக்குக் கட்டில்

ஜனவரி 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

உன் கல்யாணத்தன்று, கை கழுவுகிற இடத்தில் வைத்து, கம்பெனி கொடுத்த லீவு அட்டவணையைக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? மலையைக் குடைந்து சுரங்கம் போடுகிற வேலை, நாலு வாரத்துக்கு ஒருமுறை நாலு நாள் வீடு. பார்த்ததுமே ‘பயல் மாட்டினான்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டாமே என்று விட்டுவிட்டேன். மனசுக்குள் சொன்னாலும் சொன்னதுதானே?

இப்போது எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்குப் பிறகு வந்த மூன்று லீவிலும் அவளுக்குச் சரியாக மாதவிலக்கு வந்துவிட்டது, தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை, கேம்பில் இருக்கிற ஒரே போனும் மேனேஜர் மேசைமேல் இருப்பதால் யாரிடமும் கேட்க முடியவில்லை. அவளே உன் கையைப் பிடித்து, ‘எனக்கு ஒண்ணும் வலி இல்ல’ என்று சொன்னாளாம். நீ முழித்தாயாம். முழிப்பாய். உன் அப்பா வழி அப்படி.

போகட்டும், சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாய். உன் மாமன் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் பத்தொன்பது வருஷமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டுகிறவன். நான் ஏற்றி இறக்காத டாக்டர் கிடையாது. அவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்ததையெல்லாம் நான் தரைத்தளத்துக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே காதாலேயே படித்துவிட்டேன். போன மாதம் பெண்கள் பிரிவின் தலைமை டாக்டரம்மா ஏறினார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவரே பேச்சை ஆரம்பித்தார். ‘அந்த நாள்ல புருஷன் பொண்டாட்டிகிட்ட போனா ஆம்பளைக்குத்தான் ஆபத்து. முதல்ல கண்ணு மங்கும், அப்புறம் நரம்பு தளரும். படிச்சவனுக்கே இது தெரியல. நீங்களாவது நாலு பேருக்குச் சொல்லுங்க’ என்றார். இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆகவே முன் அறையில் மடக்குக் கட்டிலைப் போட்டுப் படு. நான் இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். அந்த நாள் வந்ததும் உன் அத்தை மடக்குக் கட்டிலை முன் அறையில் விரித்து வைத்துவிடுவாள். நான் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வேன். அதனால்தான் இந்த வயசிலும் ஊசியில் நூல் கோக்கிறேன். அவளிடம் காரணம் சொல்லாதே. பெண்களிடம் மருத்துவம் பேசினால் பயந்துபோவார்கள். முதுகுவலி என்று சொல்.

அத்தைக்கு முழங்கால் வலி. எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்பையும் துளைபோடும் இயந்திரத்தையும் கவனித்துக்கொள்.

உன் நலம் நாடும்
மாமா


பிப்ரவரி 6

மாமாவுக்கு வணக்கம்.

அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். சுரங்கத்தில் தண்ணீர் ஊறுகிறது, பூட்ஸ் காய்வதே இல்லை.

நீங்கள் சொன்னபடி செய்தேன். வீட்டுக்குள் நுழைந்து பையை வைப்பதற்குள் அவள், ‘உன் கம்பெனியும் என் உடம்பும் பேசி வெச்சிருக்கு. காலையிலதான் வந்துச்சு’ என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் முதுகுவலி என்று சொல்லி, முன் அறையில் கட்டிலை விரித்தேன்.

மாமா, அவள் நம்பிவிட்டாள். அதுதான் கஷ்டம். வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து என் முதுகுக்கு அடியில் வைத்தாள். அது அவள் தன் வயிற்றில் வைத்திருந்த பை. அன்றைக்கு அவளுக்குத்தான் வலி.

இரண்டாம் நாள் தைலம் தேய்த்துவிட்டாள். மூன்றாம் நாள் தன் வயிற்றுவலி போய்விட்டது என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ‘என் மேல ஏதாவது வாடை வருதா?’ என்று கேட்டாள். இல்லை என்றேன். ‘அப்புறம் என்ன?’ என்றாள். முதுகு என்றேன். எழுந்து விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். இழையளவு கோணல் இருந்தாலும் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். என் முகத்தில் இருந்த கோணலையும் பார்த்திருப்பாள்.

அந்த டாக்டரம்மா நிஜமாகவே அப்படித்தான் சொன்னாரா?

இப்படிக்கு,
உங்கள் மருமகன்


பிப்ரவரி 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நான் சுகம். அத்தையின் முழங்கால் அப்படியே.

சொன்னாரா என்று கேட்கிறாய். உனக்குத் தாடி முளைக்கும் முன்னிருந்து டாக்டர்களோடு பழகுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? உன் கடிதம் வந்த மறுநாளே டாக்டரம்மா திரும்ப ஏறினார். நான் உன் விஷயத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்துச் சொன்னேன். ‘நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேருக்குக் கண்ணு போயிடும்’ என்றார். மீதி மூன்று பேர் ஏற்கெனவே பார்வை இல்லாதவர்கள்.

இன்னும் ஆதாரம் வேண்டுமா? எங்கள் கட்டடத்தில் கம்பிக் கதவு போட வந்த வெல்டர் ஒருவன். மீசைக்கார முட்டாள். பெண்டாட்டிக்கு அந்த நாள் என்று தெரிந்தே போனானாம். மறுநாள் பார்த்தேன், இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம் மாதிரி. தண்ணீர் கொட்டுகிறது. கேட்டால் வேலை செய்ததில் வந்தது என்கிறான். இவனுக்கெல்லாம் யார் பெண் கொடுத்தார்கள்?

வாடை வருதா என்று கேட்டாளாம். பெண்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால் லிப்ட் மேலே போகுமா? நீ சுவரைப் பார்த்துப் படுத்தது சரி. அதில் மட்டும் என் அக்கா மகன் என்று காட்டியிருக்கிறாய்.

ஆனால் வியாதியை வேரிலேயே பிடுங்குகிறவன் நான். உன் லீவை இரண்டு வாரம் தள்ளிப் போடச் சொல்லி உன் மேனேஜருக்கு நேற்று நானே விவரமாக எழுதிப் போட்டுவிட்டேன். டாக்டரம்மா சொன்னது, வெல்டர் கதை, உன் முதுகுவலி நாடகம், எல்லாம் நாலு பக்கம். படித்தவன் புரிந்துகொள்வான்.

நலம் நாடும்
மாமா


மார்ச் 8

மாமாவுக்கு,

நலம். அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும்.

நீங்கள் எழுதியதை மேனேஜர் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். நாலு பக்கமும். வெல்டர் வந்த இடத்தில் சிரிப்பு அடங்க நேரமானதால் அந்தப் பத்தியை இரண்டாவது தரம் வாசிக்கச் சொன்னார்கள். கடைசியில், ‘மலை யார் வீட்டுக் காலண்டரையும் பாத்து நகராது. லீவு மாறாது’ என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘டேய் முதுகுவலி, அந்தக் குழாயை எடு’ என்கிறார்கள்.

போன வாரம் வீட்டுக்குப் போனேன். அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நான் போவதற்கு முன்பே மடக்குக் கட்டிலை அவளே விரித்து வைத்திருந்தாள். தலையணைக்கு உறை மாற்றியிருந்தாள். நாலு நாளும் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினோம்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.


மார்ச் 17

பெரியப்பாவுக்கு வணக்கம்.

நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை. பெரியம்மாவின் முழங்காலுக்கு என் அன்பு.

போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீங்கள்தான் பேசுவீர்கள். எழுதினால் முழுசாகச் சொல்லி முடிக்கலாம்.

முந்தாநாள் எங்கள் கடைக்கு ஒரு அம்மா வாசிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். பேச்சுக் கொடுத்ததில், கேம்ப் ஜீப் ஓட்டுகிறவரின் மனைவி என்று தெரிந்தது. என் வீட்டுக்காரரும் அங்கேதான் என்றேன். எந்த வேலை என்று கேட்டார். துளைபோடும் இயந்திரம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘அட, முதுகுவலி சம்சாரமா நீ? நான் என்னவோ உன்னைப் பாத்தாலே கண்ணு போயிடும்னு நெனச்சேன்’ என்றார். பிறகு உங்கள் நாலு பக்கத்தையும் எனக்குச் சொன்னார். அவர் கணவர் நடித்தே காட்டினாராம்.

கேம்பில் இருக்கிற அத்தனை ஆண்களுக்கும் என் உடம்பின் கணக்குத் தெரியும். என் கணவன் ஏன் முன் அறையில் படுக்கிறான் என்பது எனக்கு மட்டும் தெரியாது. நன்றாக இருக்கிறது, பெரியப்பா.

இந்த ஒன்றரை மாதமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? என்னைப் பார்த்தால் அவனுக்குக் குமட்டுகிறது என்று நினைத்தேன். சோப்பை மாற்றினேன். அந்த நாட்களில் வீட்டுக்குள் கதவோரமாகவே நடந்தேன். என் உடம்பை நானே முகர்ந்து பார்த்துக்கொண்டு ஒரு கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறேன். அதை எந்த டாக்டர் சொல்லி நீங்கள் எனக்கு ஏற்பாடு செய்தீர்கள்?

பார்வை மங்கினவர்களைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்க்கிறவள் நான். வயசாகி வருகிறார்கள், சர்க்கரை ஏறி வருகிறார்கள். வெல்டர்களும் வருகிறார்கள், கறுப்புக் கண்ணாடி போடாமல் நெருப்பைப் பார்த்துவிட்டு. பெண்டாட்டியோடு படுத்ததால் கண் போனது என்று இதுவரை ஒருவரும் வரவில்லை. வந்தால் உங்கள் முகவரி தருகிறேன்.

என் பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மார்ச் கடைசியில் அவன் வருவான். வாய் திறந்து உண்மையைச் சொல்கிறானா என்று பார்ப்பேன். முதுகுவலி என்று இன்னொரு தரம் சொன்னால் நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். இது மிரட்டல் இல்லை, தகவல்.

அந்த டாக்டர் எந்த மாடி? நேரில் வந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகனின் மனைவி


மார்ச் 25

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து அழகாக இருக்கிறது. பொருள்தான் சரியில்லை.

உன் நன்மைக்குத்தான் எல்லாம். ஒரு குடும்பத்தில் விஷயம் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் மற்றவர்களுக்கு அவன்மேல் எரிச்சல் வருவது சகஜம். நான் பழகிவிட்டேன். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து கண்ணை வெளியிலிருந்து பார்க்கிறாய் நீ. டாக்டர்கள் உள்ளிருந்து பார்க்கிறார்கள். வித்தியாசம் உண்டு.

டாக்டரம்மா மூன்றாவது மாடி. ஆனால் நீ வந்து பிரயோஜனமில்லை. போன வாரம்தான் வெளிநாடு போனார். மூன்று வருஷம் ஆகுமாம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கிவிட்டார். பெட்டியை அவிழ்த்து வை. பெட்டி கட்டுவது சினிமாவில் நன்றாக இருக்கும்.

பெரியம்மா நலம். இந்தக் கவரை அவள்தான் தபாலில் போடப்போகிறாள்.

நலம் நாடும்
பெரியப்பா

(பின்பக்கம், வேறு கையெழுத்தில்)

கண்ணு, போடும் முன் படித்தேன். நான் நிறைய எழுதினவள் இல்லை. பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

இவருக்கு ரத்தத்தைக் கண்டா மயக்கம் வரும். லிப்டுல ஸ்ட்ரெச்சர் ஏறினா பட்டனைப் பாத்துத் திரும்பி நின்னுக்குவாராம், கூட வேலை செய்யறவங்க சொல்லிச் சிரிப்பாங்க. கல்யாணமான முதல் மாசம் விஷயம் தெரிஞ்சதும் முகம் வெளுத்துப் போய் முன் அறைக்கு ஓடினார். எனக்கு என்னமோ நோய்னு நெனச்சுட்டார் போலன்னு நான் விடிய விடிய அழுதேன். அப்புறம் அழுகை நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நானே கட்டிலை விரிச்சு வெச்சிடறேன்.

எந்த டாக்டரும் எங்கயும் போகலை. நேத்துகூட அந்தம்மாவை ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தேன். நீ வா. என்னை மாதிரி பழகிக்காதே.


ஏப்ரல் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? மகிழ்ச்சியான செய்தி. உன் குடும்பத்தை நான் காப்பாற்றிவிட்டேன்.

நேற்று உன் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வாசலில் காத்திருந்து, கூட்டத்தையெல்லாம் நிறுத்திவைத்து, அவளை மட்டும் தனியாக லிப்டில் ஏற்றி நேராக மூன்றாவது மாடியில் இறக்கினேன். வெளிநாடு போன டாக்டரம்மா திரும்பி வந்துவிட்டார். அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம். பாவம், என்னைப் பார்த்ததும் அத்தனை சந்தோஷம்.

அங்கே புதிதாக என்னென்னவோ கண்டுபிடித்திருக்கிறார்களாம். பழைய ஆராய்ச்சி எல்லாம் மாறிவிட்டது. ஆகவே நான் சொன்னது அப்போதைக்குச் சரி, இப்போது டாக்டரம்மா சொல்வதும் சரி. மருத்துவம் அப்படித்தான், உன்னைப் போன்றவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. விவரத்தை அவளே உனக்கு எழுதுவாள். நான் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அத்தை இரண்டு நாளாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். முழங்கால் தேவலை போலிருக்கிறது.

நலம் நாடும்
மாமா


ஏப்ரல் 12

உனக்கு,

நலமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை.

போன லீவில் நீ வந்ததும் மடக்குக் கட்டிலை இழுத்தாய். ‘போடு. இந்தத் தடவை உன் வசதிக்கு இல்ல, என் வசதிக்கு’ என்றேன். நீ அப்படியே கட்டிலின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாய். கேம்பே எனக்கு முன்னால் கேட்டுவிட்ட கதையை, புதிதாகக் கேட்கிற மாதிரி நானும் கேட்டேன். சொன்னாய் என்பதால்தான் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. அவ்வளவுதான், ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே. உன் மாமா சொன்னால் நீ மலையைக்கூட வாயால் குடைவாய்.

மூன்று நாள் முன்பு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் மாமா லிப்ட் வாசலில் நின்று கையை ஆட்டினார். நான் படியில் ஏறினேன். மூன்று மாடி. வெளிநாடு போன டாக்டரம்மா அறைக்குள் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

கேட்டேன். வெட்கப்படுவதென்றால் வீட்டுக்குத் திரும்பி வந்து வெட்கப்படலாம் என்று எல்லாவற்றையும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

‘கண்ணுக்கும் நரம்புக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. ரெண்டு பேருக்கும் இஷ்டம்னா பீரியட்ஸ் நேரத்துல சேர்றது தப்பில்ல. ஆனா அந்த நேரத்துல தொற்று வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூட, ரெண்டு பக்கமும். அதனால காண்டம் போடணும். பீரியட்ஸ்ல கர்ப்பம் ஆகாதுன்னு நம்பிட்டு உக்காராதீங்க, ஆகலாம். உள்ள டாம்பான், கப் எதாவது வெச்சிருந்தா முதல்ல எடுத்துடணும். ரத்தப்போக்கு ரொம்ப இருந்தாலோ, சேரும்போது வலிச்சாலோ பேசாம இருக்காம இங்க வந்து காட்டணும்.’

‘கறை?’ என்றேன். ‘பழைய துண்டு ஒண்ணு வீட்ல இல்லையா?’ என்றார்.

‘எனக்கு வேணாம்னு தோணினா?’ என்றேன். ‘வேணாம்னா வேணாம். அவருக்குத் தோணலைன்னாலும் அப்படித்தான். அதுக்கு யாரும் காரணம் சொல்லத் தேவையில்ல, முதுகுவலியும் தேவையில்ல’ என்றார். முதுகுவலியை நான்தான் சொல்லியிருந்தேன்.

உன் மாமாவிடம் இவர் பேசியது உண்டா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. விட்டுவிட்டேன். அவர்மேல் இரக்கப்பட்டு இல்லை. வெளியே இன்னும் பத்துப் பெண்கள் காத்திருந்தார்கள்.

வருகிற வழியில் மருந்துக் கடையில் வாங்கவேண்டியதை வாங்கினேன். கடைக்காரன் காகிதத்தில் சுற்றினான். மேலே இன்னொரு காகிதம் சுற்றினான். ‘வெடிகுண்டு இல்லண்ணே’ என்றேன்.

இந்த மாசக் கடைசியிலும் உன் கம்பெனியும் என் உடம்பும் ஒரே நாளில்தான் வரும். நீ என்னைத் தொட வேண்டும் என்று இதை எழுதவில்லை. வேண்டாமென்றால் வேண்டாமென்று என் முகத்தைப் பார்த்துச் சொல். சுவரைப் பார்த்துப் படுத்தால் நீயும் சுவரும் குடும்பம் நடத்துங்கள்.

நான்


மே 4

மாமாவுக்கு வணக்கம்.

நானும் வீட்டில் அவளும் நலம். அத்தையின் முழங்காலுக்கு அவள் நல்ல எண்ணெய் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள், அடுத்த முறை அனுப்புவாள்.

லீவுக்குப் போய்வந்தேன். மழை. முதல் நாள் அவளுக்கு வயிற்றுவலி இருந்தது, வெந்நீர்ப் பையை நான் வைத்தேன். பேசிக்கொண்டே இருந்தோம். நான் பேசினேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கிளம்புகிற அன்று காலையில் மழை விட்டு வெயில் வந்தது. கொடியில் ஒரு பழைய கறுப்புத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பெட்டியைக் காணோமே என்று குனிந்து தேடினேன். ‘மேல பாரு’ என்றாள். பெட்டி அலமாரிமேல் காலியாக இருந்தது. மடக்குக் கட்டிலை ஜீப் டிரைவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அவருக்கு அது தேவைப்படுகிறதாம், அவர் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டார்.

கேம்பில், ‘முதுகுவலி எப்படிடா இருக்கு?’ என்று கேட்டார்கள். போய்விட்டது என்றேன். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக வந்து, அந்த டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரி என்று மெதுவாகக் கேட்டான்.

மாமா, இனிமேல் எனக்கு மருத்துவம் எழுத வேண்டாம். அத்தையின் முழங்காலைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

பார்வை நன்றாகவே இருக்கிறது.

உங்கள் மருமகன்


மே 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் மகளுக்கும்,

இங்கே நான் சுகம். எண்ணெய் கிடைத்தது, அத்தை தேய்த்துக்கொள்கிறாள்.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எனக்கு முன்பே தெரியும். நான் ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்ததால்தான் நீங்கள் இரண்டு பேரும் வாய் திறந்து பேசினீர்கள். அதுதான் என் திட்டமே. இப்போது ஆஸ்பத்திரியில் வார்டு பையன்களெல்லாம் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். ‘கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுடா மடையா, காண்டம் போடு, முதல்ல அவளைக் கேளு’ என்று சொல்லி அனுப்புகிறேன். தலைமை டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னது என்றும் சேர்த்துக்கொள்கிறேன்.

பதில் எழுதத் தாமதமானதற்கு வேலைதான் காரணம் என்று எழுத நினைத்தேன். உன் அத்தை எப்படியும் எழுதிவிடுவாள் என்பதால் நானே சொல்கிறேன்.

போன வாரம் ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். முன் அறையில் வழக்கம்போல மடக்குக் கட்டில் விரித்திருந்தது. நானும் புது மருத்துவம் தெரிந்தவன் இல்லையா? கட்டிலை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய், ‘இனிமே நான் முன் அறையில படுக்க மாட்டேன். உனக்கு வலி இருந்தா சொல்லு, வெந்நீர் வெச்சுத் தர்றேன்’ என்றேன். கொஞ்சம் கம்பீரமாகத்தான் சொன்னேன்.

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

‘எனக்கு அது நின்னு ரெண்டு வருஷமாச்சு’ என்றாள்.

‘அப்புறம் ஏன் மாசா மாசம் கட்டிலை விரிக்கிறே?’

‘நிம்மதியாத் தூங்கத்தான்.’

நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். பதிலடியாக ஒன்று சொன்னேன், அத்தை வாயடைத்துப் போனாள் என்று இங்கே எழுதலாம். இந்த ஒரு இடத்தில் எனக்குக் கை வரவில்லை. போய்க் கட்டிலை விரித்துப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்து, ‘இன்னைக்கு உள்ள வேணா வந்து படுங்க. ஆனா பேசக் கூடாது’ என்றாள். பேசவில்லை.

உங்கள் இருவருக்கும் என் ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நலம் நாடும்
மாமா, பெரியப்பா

பின்குறிப்பு: மகள் கேட்காமல் விட்டதை நானே சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா என் லிப்டில் ஏறியது நிஜம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்ததும் நிஜம். கண்ணைப் பற்றியோ நரம்பைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏறினார். புடவை முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ‘மூணாவது மாடி’ என்றார். அதோடு சரி.